சட்டைப்பைக்குள் இரண்டு பியூஸ் கட்டை

"…அதையெல்லாம் ட்ரிப் சுவிட்ச் பாத்துக்கொள்ளும், ஐயா. நீங்கள் ஏன் இதிலை குந்திக்கொண்டு காவல் இருக்கிறியள்? உள்ளுக்கை போய்ப் பேப்பரைப் பாருங்கோவன்."

இதைச் சொன்னவர் பாமன்கடையிலிருந்து எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்கு வந்திருந்த எலெக்ட்ரீசியன் நடராசா. நாற்பது தாண்டிய, காதோரம் நரைத்த, வேலை தெரிந்த மனிதர். கொஞ்ச நாளாக மருமகள் அயன்பெட்டியைப் போட்டால் ஹோல் விளக்குக்குக் கண் செருகத் தொடங்கியிருந்தது. ஃபிரிட்ஜும் சேர்ந்து உறுமினால் சீலிங்குக்கு மேலே எங்கிருந்தோ ஒரு வாசனை வரும். அதற்காகத்தான் அவரைக் கூப்பிட்டோம். வந்தார், குசினியிலிருக்கிற கரண்ட் பலகையில் ஒரு சுவிட்சை ஒற்றை விரலால் கீழே தட்டினார், ஏணியில் ஏறிவிட்டார். அவ்வளவுதான். நான் குசினி ஸ்டூலைக் கொண்டுவந்து ஏணியிலிருந்து நாலடி தள்ளிப் போட்டு, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மனிதருக்கு அது பிடிக்கவில்லை. வீட்டுச் சாமானில் கை வைத்துவிடுவேன் என்று கிழவன் சந்தேகப்படுகிறான் என நினைத்திருப்பார்.

சந்தேகம் உண்மைதான். ஆனால் அது அவர்மேல் இல்லை.

அவர் மேலே மூடியைக் கழற்றியதும் அந்த வாசனை இறங்கி வந்தது. இந்தக் காலத்து வயரில் கருகுவது பிளாஸ்டிக். அந்தக் காலத்து வயருக்கு றப்பர் உறை; அது கருகினால் பழைய சைக்கிள் ரியூப்பை அடுப்புக்குள் போட்டதுபோல மணக்கும். ஆனாலும் இரண்டும் ஒரு குடும்பத்து வாசனைகள். ஒன்று வாசலில் வந்து நின்றால் மற்றது பின்னாலேயே வந்துவிடும். எனக்கு வந்தது. கொட்டாஞ்சேனை வந்தது, காக்கித் துணி வந்தது, சலீம் நானா வந்தார்.

வெள்ளைக்காரன் ஆண்ட கடைசிக் காலம், யுத்த காலம். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. படித்தது எட்டாம் வகுப்பு. மிச்சத்தைச் சனங்களின் வாயிலிருந்து பொறுக்கிக்கொண்டவன் நான். வெள்ளவத்தையில் ஒரு அறையில் இருந்துகொண்டு, ரயிலில் கோட்டைக்குப் போய், அங்கிருந்து நடந்து கொட்டாஞ்சேனைக்கு வேலைக்குப் போவேன். ஒரு ஒழுங்கைக்குள் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டில். பட்டாளத்துக்குக் காக்கிச் சட்டையும் காற்சட்டையும் தைக்கிற இடம். முன்பக்கம் ஸ்டோர்ஸ், அதற்கு நான் பொறுப்பு. நடுவில் கரண்டில் ஓடுகிற தையல் மெஷின்கள். பின்பக்கம் அயன் மேசைகள்.

அந்த நாட்களில் கொழும்பு முழுக்கச் சந்தேகத்தில் அவிந்துகொண்டிருந்தது. கடற்கரையில் நின்று கப்பலைப் பார்த்தால் ஒற்றன். ஜன்னலுக்குக் கறுத்த படங்கு கட்டாவிட்டால் எதிரிக்கு வெளிச்சம் காட்டுகிறவன். எங்களுக்கு அறையை வாடகைக்கு விட்டவர், நல்ல மனுஷன், மாலையில் ரோட்டில் நின்று எந்த அறையில் எத்தனை பல்ப் எரிகிறது என்று அண்ணாந்து பார்ப்பார். "நான் உங்களைச் சந்தேகப்படேல்லை, தம்பியவை. மீற்றரைத்தான் சந்தேகப்படுறன்" என்பார். அந்த வசனத்தை இப்போதும் சமயத்தில் எடுத்துப் பாவிக்கிறேன்.

கொட்டிலில் முதலில் கரி அயன்பெட்டிகள்தான் இருந்தன. சிரட்டைக்கரிப் பொறி ஒன்று பறந்து ஒரு அடுக்குச் சட்டையை ஓட்டை போட்ட பிறகு, முதலாளி கரண்ட் அயன்பெட்டிகளை வாங்கிப் போட்டார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர் முதலாளி. கெட்டிக்காரர், புது வயர் இழுக்கிறதுதான் அவருக்கு வீண் செலவு. மேசைக்கு மேலே பல்ப் தொங்கும் அல்லவா, அதை மாட்டுகிற வாயில் இரட்டை வாய் ஒன்றை மாட்டுவார். ஒரு வாயில் பல்ப், மற்றதில் அயன்பெட்டி. விளக்குக்கென்று போட்ட மெல்லிய வயர், மரச்சட்டத்துக்குள்ளே படுத்து வருவது, அயன்பெட்டியையும் சுமந்தது. நாலு பெட்டி ஆறானது. பட்டாளத்து ஓடர் கூடக் கூட ஆறு பத்தானது.

அயன் மேசைக்குத் தலைவி மேரியக்கா. கொட்டாஞ்சேனையில் பிறந்து அங்கேயே வளர்ந்த மனுஷி, கழுத்தில் மாதா சுரூபம். அவவுக்குக் கரண்ட் அயன்பெட்டியில் நம்பிக்கையே இல்லை. "கரி நெருப்பெண்டா கண்ணுக்குத் தெரியும், அது நேர்மையான நெருப்பு. இது மதிலுக்குப் பின்னால நிண்டு பாக்கிற நெருப்பு" என்று சொல்லிக்கொண்டே அழுத்துவா.

பத்துப் பெட்டியும் சூடேறினதும், பின்னேரம் மூன்று மணியளவில், பியூஸ் போய்விடும். பின்பக்கம் முழுக்கச் செத்துவிடும். முதலாளி ஓடிவருவார்.

"யாருவே கைய வச்சது? தினமும் மூணு மணிக்குன்னா, இது கரண்ட் செய்யுற வேலையா, மனுஷன் செய்யுற வேலையா?"

மேரியக்காதான் தேத்தண்ணி குடிக்க ஓய்வு வேண்டி எதையோ செய்கிறா என்று முதலாளி சந்தேகப்பட்டார். ஆட்களை வெருட்டி வைத்திருக்க முதலாளியே பியூஸைப் பிடுங்குகிறார் என்று மேரியக்கா சந்தேகப்பட்டா. மெஷின்காரர்கள் இரண்டு பேரையும் சந்தேகப்பட்டார்கள். என்னை மட்டும் ஒருவரும் சந்தேகப்படவில்லை. நான் நல்ல பிள்ளை.

அந்த நல்ல பிள்ளை என்ன செய்தான் தெரியுமா? சொல்கிறேன், அவசரப்படாதீர்கள்.

பியூஸ் கட்டையை இந்தக் காலத்துப் பிள்ளைகள் கண்டிருக்கமாட்டார்கள். வெள்ளைப் பீங்கான், உள்ளங்கைக்குள் அடங்கும். அதன் இரண்டு பக்கத்துப் பித்தளைக்கும் நடுவே தலைமயிர்போல ஒரு ஈயக் கம்பி. பாரம் கூடினால் அந்தக் கம்பி உருகி அறுந்து கரண்டை நிறுத்தும். அது சாகிறதற்கென்றே வைத்த கம்பி. அது சாகாவிட்டால் வேறு ஏதாவது சாகும். இதெல்லாம் இப்போது தெரியும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், பியூஸ் போனால் முதலாளி கத்துகிறார், போகாவிட்டால் கத்தமாட்டார் என்பதுதான்.

துணிப் பொதிகள் இரும்புக் கம்பியால் கட்டி வரும். ஒரு நாள் அதில் ஒரு துண்டை முறித்து, ஈயக் கம்பிக்குப் பதிலாக அயன் மேசைக் கட்டையில் முறுக்கிவிட்டேன். மூன்று மணி வந்தது, நாலு மணி வந்தது, பியூஸ் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. மூன்று கிழமை, இருபத்தொரு நாள், போகவில்லை. "ஸ்டோர்காரன் கைராசிக்காரன்யா" என்று முதலாளி தோளில் தட்டினார். எனக்கு நடை மாறிவிட்டது. பியூஸ் பலகையின் மூலையில் வேலையில்லாத கட்டை ஒன்று சும்மா கிடந்தது. அதையும் கழற்றி, அதிலும் பொதிக் கம்பியை முறுக்கி, அவசரத்துக்கு உதவும் என்று என் மேசை லாச்சிக்குள் வைத்துக்கொண்டேன்.

நாலாவது கிழமை வாசனை வந்தது. அயன் மேசைக்கு மேலே மரச்சட்டத்தில் தேத்தண்ணிச் சாயம் ஊறினதுபோல ஒரு கபிலக் கறை.

அதற்காகத்தான் சலீம் நானாவைக் கூப்பிட்டார்கள். முஸ்லிம் ஆட்களில் மூத்தவரை நானா என்போம். வயர்மன் வேலைக்கு அந்தப் பக்கத்தில் அவரை விட்டால் ஆள் இல்லை. ஒல்லியான மனுஷன், முழங்கை வரை மடித்த சட்டை, பொத்தான் போட்ட பெரிய பை. வந்ததும் ஒருவருக்கும் சலாம் சொல்லாமல் மூக்கை மேலே தூக்கினார்.

"ஆரு மொதலாளி இந்த லைனுக்கு பத்து அயன் போடச் சென்ன? ரெண்டாளுக்கு ஆக்கின சோத்த பத்தாளுக்கு பங்குவெச்சா சட்டிதான் கருகும்."

அவர் வாயில் 'சொன்ன' என்பது 'சென்ன' என்றுதான் வரும். பலகையைத் திறந்தார். அயன் மேசைக் கட்டையைப் பிடுங்கி என் பொதிக் கம்பியைக் கண்டார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எங்கள் எல்லாரையும், மேரியக்காவை, முதலாளியை, என்னை, ஒவ்வொருவராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இருந்தது வெறும் கணக்கெடுப்பு.

"இஞ்ச ஒரு கட்ட கொறயுது" என்றார், மூலையில் வெறுமையாகக் கிடந்த வாயைக் காட்டி. "ஆருட்ட ஈக்குது?"

லாச்சிக்குள் இருந்த கட்டை என் நெஞ்சுக்குள் இருந்து இடித்தது. நான் வாயைத் திறக்கவில்லை. கைராசிக்காரன் என்ற பெயர் போய்விடுமே!

"ஒருத்தரும் செல்ல மாட்டீங்க. சரி."

அவர் வேலை செய்த விதத்தை நான் இன்னும் மறக்கவில்லை. முதலில், கையிலிருந்த அயன் மேசைக் கட்டை போதாதென்று, ஸ்டோர்ஸ் கட்டையையும் பிடுங்கினார். இரண்டையும் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தானைப் பூட்டினார். நடக்கும்போது பீங்கானும் பீங்கானும் முட்டிச் சத்தம் வரும். பாரத்தில் சட்டை ஒருபக்கம் இழுபடும். எந்த லைனில் ஏறினாலும் அதன் கட்டை அவர் பைக்குள் இருக்கவேண்டும். கூட்டாளியிடம் கொடுக்கமாட்டார், மேசையில் வைக்கமாட்டார். "ஏண்ட மவுத்து ஏண்ட பொக்கட்டுக்குள்ள ஈக்கட்டும்" என்பார். மவுத்து என்றால் சாவு.

"ஸ்டோர்ஸ் கட்டை ஏன் நானா? அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை" என்றேன்.

"நீங்க செல்றீங்க. கூரைக்கு மேல வயர் என்ன செல்லுதோ."

பிறகு ஒரு சோதனைப் பல்பை எடுத்தார். அதை முதலில் உயிருள்ள லைனில் தொட்டார், எரிந்தது. பிறகு அயன் மேசை லைனில் தொட்டார், எரியவில்லை. எனக்கு அதோடு திருப்தி. அவருக்கு இல்லை. திரும்பவும் உயிருள்ள லைனில் தொட்டுப் பார்த்தார்.

"அதுதானே முதல்லயே பாத்தீங்கள்?"

"பல்பு எரியல்லன்னா செத்தது கம்பியா, பல்பா? சாட்சி செல்றவனயும் விசாரிக்கோணும், தம்பி."

அதற்கும் பிறகு, புறங்கையால் கம்பியைத் தட்டிப் பார்த்தார். உள்ளங்கையால் தொட்டால் கரண்ட் விரலை மடக்கிப் பிடிக்க வைத்துவிடும், புறங்கை என்றால் உதறிவிடும். இவ்வளவும் செய்து முடித்தும் அந்த மனுஷனுக்கு நம்பிக்கை வரவில்லை. குறைகிற கட்டை அவர் மண்டைக்குள் குடைந்துகொண்டிருந்தது. ஆகவே வேலை செய்கிற இடத்தில் மரச்சட்டத்தைத் திறந்து, போகிற கம்பி வருகிற கம்பி இரண்டையும் உரித்து ஒன்றாக முறுக்கிவிட்டார்.

"அது என்னத்துக்கு?" என்று மேரியக்கா கேட்டா.

"மாப்புளயயும் பொண்ணயும் கட்டிவெச்சிட்டன். இனி எவனாவது அங்கேருந்து கரண்ட விட்டா, அது இதுக்கு இஞ்சால வராது. விட்டவன்ட மூஞ்சிலதான் வெடிக்கும்."

மேரியக்கா சிரித்தா. நான் ஸ்டோர்ஸுக்குத் திரும்பிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. பட்டாளத்து அதிகாரி ஒருவர், சரக்குப் பார்க்க. ஸ்டோர்ஸுக்குள் ஜன்னல் இல்லை, ஒரே இருட்டு. முதலாளி என் காதுக்குள் சீறினார். "வெளக்கப் போடுவே! தொர நிக்காரு!"

எனக்குச் சலீம் நானாமேல்தான் ஆத்திரம் வந்தது. பின்பக்கத்தில் வேலை செய்கிற மனுஷனுக்கு முன்பக்கத்துக் கட்டை எதற்கு? வேண்டுமென்றே எடுத்திருக்கிறார், என்மேல் சந்தேகத்தில். அயன் மேசைக் கட்டையைத் தொட்டால்தானே ஆபத்து, இது ஸ்டோர்ஸ் லைன், என்னுடைய லைன். லாச்சியைத் திறந்தேன், கட்டையை எடுத்தேன், பலகையண்டை போனேன். ஸ்டோர்ஸ் வாய்க்குள் வைத்து அமத்தினேன்.

வெடித்தது.

நீலமா வெள்ளையா என்று இன்றைக்கும் சொல்லமுடியாது. பீங்கான் இரண்டாகப் பிளந்து ஒரு துண்டு காலடியில் விழுந்தது. ரோட்டுப் பக்கத்திலிருந்த பெரிய பியூஸும் சேர்ந்து போக, மெஷின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஊமையாகின. அந்த அமைதிக்குள் பின்பக்கத்திலிருந்து ஒரே ஒரு குரல்: "யா அல்லாஹ்!"

அந்தக் குரல் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. செத்தவன் சத்தம் போடமாட்டான்.

ஏணியால் இறங்கி வந்தார். முன்கை மயிர் கருகியிருந்தது, வேறொன்றுமில்லை. எந்தக் காலத்திலோ எவனோ ஒரு வயர்மன், வயர் மிச்சம் பிடிக்க, கடைசி மூன்று அயன் மேசைகளுக்கும் ஸ்டோர்ஸ் லைனிலிருந்து கூரைக்கு மேலால் இழுத்துவிட்டிருக்கிறான். சலீம் நானா கையை வைக்கப் போன இடம் அதுதான். கட்டிவைத்த கம்பி இல்லாவிட்டால் அவர் அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்திருப்பார்.

முதலாளி மேரியக்காவின் பக்கம் விரலை நீட்டினார். "இவதான்! நான் அப்பவே சொன்னேன்லா! நாளையிலயிருந்து வராத!"

"என்ட மாதாவே! நான் இந்த மேசைய விட்டு அசையவே இல்ல!"

சலீம் நானா முதலாளியைப் பார்க்கவே இல்லை. "எல்லாரும் கைய விரிங்க" என்றார்.

மேரியக்கா விரித்தா. அயன் பிடித்துக் காய்த்த கை, சுத்தமான கை. மெஷின்காரர்கள் விரித்தார்கள். முதலாளிகூட, ஏன் என்று தெரியாமலே, விரித்தார். நான் மட்டும் வலது கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நின்றேன். எரிச்சலில் கண்ணால் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

"ஸ்டோர்காரத் தம்பி, கை எங்க?" என்று கேட்டது மேரியக்காதான்.

எடுத்துக் காட்டினேன். உள்ளங்கை முழுக்கக் கரி, நடுவில் பொக்குளம். வாய் தானாகவே திறந்தது. பொதிக் கம்பி, மூன்று கிழமை, லாச்சி, ஒளித்த கட்டை, எல்லாவற்றையும் சொன்னேன். மேரியக்கா போய், தேங்காயெண்ணெய்ப் போத்தலோடு வந்தா. எண்ணெயைப் பூசிவிட்டு, அதே கையால் என் தலையில் ஓங்கி ஒரு குட்டும் வைத்தா.

சலீம் நானா அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. தன் பையிலிருந்த இரண்டு கட்டையையும் வெளியே எடுத்துப் பார்த்தார், திரும்பப் பைக்குள் போட்டார். பிறகு மேரியக்காவின் ஸ்டூலை இழுத்து ஏணிக்காலுக்குப் பக்கத்தில் போட்டார்.

"இஞ்ச குந்து. கை ரெண்டும் மொழங்கால்ல. கள்ளன தேடித் திரியக் கூடாது, கண்ணுக்கு முன்னால வெச்சுக்கொள்ளோணும்."

இருந்தேன். அன்றைக்கு மட்டுமில்லை. அயன்பெட்டிக்கென்று தடித்த வயர் தனியாக இழுத்தால் ஒழிய வேலை இல்லை என்று அவர் நின்றுவிட்டார். வேறு வயர்மன் வர மறுத்ததாலும், ஓடர் நிற்பதாலும், முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நாடகமாடினோம் என்ற சந்தேகம் அவருக்குக் கடைசிவரை தீரவில்லை. வேலை முடிய ஒரு கிழமை. அதற்குப் பிறகும் அந்தக் கொட்டிலில் சலீம் நானா ஏணியை வைத்தால் முதலில் கேட்பது ஸ்க்ரூ ட்ரைவரை அல்ல, என்னைத்தான். "ஏண்ட கள்ளன் எங்க?" நான் வந்து கையை முழங்காலில் வைத்த பிறகுதான் ஏறுவார். மேலே இருந்துகொண்டு கதை சொல்வார். களனி ஆற்று வெள்ளத்தில் தோணியில் போய் மீற்றர் கழற்றின கதை, தன் கலியாணத்தன்றே கரண்ட் போன கதை. பெருநாளைக்கு எனக்கு வட்டிலப்பம் கொண்டுவருவார். அதையும் இடது கையால் நீட்டுவார். வலது கை சட்டைப்பையைப் பொத்தியபடி இருக்கும், பழக்கத்தில்.

இதையெல்லாம் நடராசாவுக்குக் கீழே இருந்தபடி சொல்லிக்கொண்டிருந்தேன். அவரும் "ம்… ம்…" என்று வாய்க்குள் ஆணியை வைத்துக்கொண்டு கேட்டார். நம்பினாரோ தெரியாது. கொட்டில் இருந்த இடத்தில் இப்போது மாடிக்கட்டடம். முதலாளி ஊருக்குப் போய்ச் சேர்ந்தார், மேரியக்கா பரலோகத்துக்கு. சலீம் நானா நான் நுகேகொடையில் வேலைக்குப் போன வருடம் படுக்கையில்தான் மவுத்தானார், கம்பியில் இல்லை. அது அவருடைய சந்தேகத்துக்குக் கிடைத்த கூலி. பியூஸ் கட்டையும் போய்விட்டது. இப்போது பலகையில் வரிசையாக நிற்பவை சின்னச் சின்னச் சுவிட்சுகள். நல்ல சாமான்தான், பொதிக் கம்பிக்காரனால் ஏமாற்ற முடியாது. ஆனால் அதைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொள்ள முடியாது. ஒரு விரலால் இறக்கினதை இன்னொரு விரல் ஏற்றிவிடும். சட்டையை ஒருபக்கம் இழுத்த அந்தப் பாரம் இப்போது ஒருவருடைய சட்டையிலும் இல்லை.

இந்த இடத்துக்கு நான் வந்தபோதுதான் வாசல் கதவு திறந்தது. மருமகள் சந்தையிலிருந்து மீன் பையோடு வந்தாள். ஹோலை எட்டிப் பார்க்கவில்லை, நேரே குசினிப் பக்கம் போனாள். பலகை அங்கேதான்.

"மாமா, கரண்ட் இல்லைப் போலை. சுவிட்ச் ஒண்டு விழுந்து கிடக்கு. தூக்கிவிடட்டே?"

"தொடாதை!"

என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வருமென்று எனக்கே தெரியாது. மருமகள் மீனைக் கீழே போட்டுவிட்டாள். மேலே நடராசாவின் இரண்டு கையிலும் உரித்த கம்பி. ஆணி வாயிலிருந்து தரையில் விழுந்து உருண்டது.

நடராசா இறங்கினார். குசினிக்குப் போய், கறுத்த டேப்பைப் பல்லால் கிழித்து, அந்தச் சுவிட்சின்மேல் குறுக்கும் நெடுக்குமாக மூன்று சுற்று ஒட்டினார். திரும்பி வந்தார். என் வலது கையைப் பிடித்து விரித்து, நடுவிலிருந்த பழைய தழும்பைப் பார்த்தார். பிறகு என்னை எழுப்பி, ஸ்டூலை ஏணிக்காலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, "இதிலை இருங்கோ ஐயா. கை ரெண்டும் முழங்கால்லை" என்று சொல்லிவிட்டு, சோதனைப் பல்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினார்.